யானைக்கால் நோயும் கணினி மாடல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை கொடுக்கப் போகும் பணியாளர்கள், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடும் வீட்டுக்காரர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மலேரியாவுக்கும் இதுபோன்ற மாடல்கள் நிறைய உண்டு. ஆனாலும் யானைக்காலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த நோய்க்கான முக்கிய மாடல்களில் ஒன்று புதுச்சேரி மக்களின் ரத்தப் பரிசோதனையை வைத்து உருவானது.

கொசு கடிச்சு வர்ற நோய்க்குக் கம்ப்யூட்டர் என்ன சார் பண்ணும்?

கம்ப்யூட்டர் கொசு பிடிக்காது. ஒரு ஊரில் நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்ததை எல்லாம் கணக்காக எழுதி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் மாடல். ஒரு ஆளைக் கொசு மாதத்துக்கு எத்தனை முறை கடிக்கிறது, கடித்த கொசுவுக்குள் எத்தனை புழு வளர்கிறது, உடலுக்குள் புழு எத்தனை வருடம் இருக்கிறது, மாத்திரை அதில் எவ்வளவைக் கொல்கிறது என்பதையெல்லாம் கொடுத்தால், இப்படிச் செய்தால் பத்து வருடத்தில் என்ன ஆகும், அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று ஒப்பிடலாம். நிஜ ஊரில் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் செய்து பார்க்க முடியாது.

இது புதுசும் இல்லை. 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், பிற்பாடு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து மலேரியாவுக்குச் சமன்பாடு எழுதினார். கடைசிக் கொசுவரை ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் நோய் தானாக அடங்கும் என்பது அவர் கண்ட முடிவு. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் இன்றும் பாதி வேலை.

மாத்திரை இருக்கு, எல்லாருக்கும் குடுத்தா முடிஞ்சுது. இதுல கணக்கு எதுக்கு?

மாத்திரை எதைக் கொல்கிறது என்று பார்த்தால் புரியும். நிணநீர்க் குழாய்களுக்குள் தாய்ப்புழுக்கள் இருக்கின்றன. அவை போடும் குட்டிகளான நுண்புழுக்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன. கொசு உறிஞ்சுவது நுண்புழுவை. டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் நுண்புழுக்களை நன்றாகக் குறைக்கும். தாய்ப்புழுவில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். மீந்த தாய்ப்புழு சில மாதங்களில் மறுபடி குட்டி போட ஆரம்பித்துவிடும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள்.

எத்தனை வருடம் கொடுப்பது, எத்தனை பேர் விழுங்கினால் போதும், எப்போது நிறுத்துவது என்ற கேள்விகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பும். தேவைக்கு மேல் நீட்டினால் பணம் போகிறது, அதைவிட முக்கியமாக மக்களின் பொறுமை போகிறது. உத்தேசமாக ஒரு வருடத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியாத இடம் இது.

மலேரியாவுக்குப் போட்ட கணக்கையே இதுக்கும் போட முடியாதா?

முடியாது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பல்கிப் பெருகும். ஒரே கடியில் ஒருவருக்கு நோய் வரலாம். யானைக்கால் புழு கொசுவுக்குள் பெருகுவதே இல்லை. உள்ளே போன ஒரு நுண்புழு, பிழைத்தால், இரண்டு வாரம்போலக் கழித்து ஒரே ஒரு தொற்றுப்புழுவாக மாறும், அவ்வளவுதான். அதுவும் கொசு கடிக்கும்போது தோலில் இறங்கி, கடித்த துளை வழியாக உள்ளே போக வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். 1960-களில் ரங்கூனில் கணக்கிட்டவர்கள், ஒருவர் ரத்தத்தில் நுண்புழு தென்பட, தொற்றுள்ள கொசுவின் கடி சுமார் 15,500 தேவைப்படும் என்று சொன்னார்கள். ஊருக்கு ஊர் இது மாறும். ஒரு கடியில் வருகிற நோய் இல்லை என்பது மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

இன்னொன்று, ஆண் புழுவும் பெண் புழுவும் ஒரே உடலுக்குள் சந்திக்க வேண்டும். ஊரில் புழு குறையக் குறைய, ஒருவர் உடலில் ஒரு பெண் புழு, வேறொருவர் உடலில் ஒரு ஆண் புழு என்று சிதறிப் போய்க் குட்டியே பிறக்காத நிலை வரும். நோயை அடியோடு ஒழிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இதுதான் அடிப்படை. ஆகவே இந்த மாடல்களில் 'நோய் உண்டா, இல்லையா' என்று ஆளை எண்ணினால் போதாது. ஆளுக்கு எத்தனை புழு என்று எண்ண வேண்டும்.

நம் ஊர்களில் இதைப் பரப்புவது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு. அது ஒரு சங்கடமான கொசு. ரத்தத்தில் நுண்புழு குறைவாக இருக்கும்போது, உறிஞ்சிய கொஞ்சத்தில் அதிகப் பங்கைப் பிழைக்க வைத்துவிடும். மாத்திரையால் நுண்புழு பாதியாகிவிட்டது என்பதால் பரவலும் பாதியாகிவிட்டது என்று கியூலெக்ஸ் ஊரில் சொல்ல முடியாது. சில இடங்களில் இந்த நோயைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு இதற்கு நேர்மாறு. நுண்புழு குறைந்தால் பரவல் அதைவிட வேகமாகக் குறையும்.

மாடலுக்குள்ள போடற நம்பரெல்லாம் எங்கிருந்து வருது? சும்மா அடிச்சு விடறதா?

இரவு வேலையிலிருந்து வருகிறது. நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளின் ரத்தக் குழாய்களுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். கொசு கடிக்கும் நேரமான இரவில்தான் மேல்பக்கம் வரும், நள்ளிரவை ஒட்டி உச்சத்தில் இருக்கும். ஆகவே தூங்கப் போகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயவைத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒன்று இரண்டு என்று எண்ணுகிறார்கள். கொசுவுக்கு வேறு வேலை. டார்ச் லைட்டோடு வீடுகளுக்குள் போய், சுவரிலும் தொங்கும் துணியிலும் உட்கார்ந்திருப்பதை உறிஞ்சுகுழாயில் பிடித்து வந்து, உப்புநீர்த் துளியில் வைத்துத் தலை, மார்பு, வயிறு என்று ஊசியால் பிரித்து ஒவ்வொன்றிலும் புழுவைத் தேடுவார்கள். நாள் முழுக்கப் பிரித்தும் ஒன்றில்கூடப் புழு இல்லாமல் போகலாம். அந்தப் பூஜ்யமும் மாடலுக்குத் தேவை.

நேரடியாக அளக்க முடியாதவையும் உண்டு. உயிரோடு இருக்கிற ஒருவர் உடலில் எத்தனை தாய்ப்புழு, அதன் ஆயுள் எவ்வளவு என்பதை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. மாடலில் பல எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, எது போட்டால் நிஜ ஊரின் ரத்தப் பரிசோதனை முடிவோடு ஒத்துப் போகிறது என்று பார்த்துத்தான் பிடிக்கிறார்கள்.

அப்படிப் புதுச்சேரியில என்னதான் நடந்துச்சு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1975-ல் அங்கே வி.சி.ஆர்.சி. என்ற நோய் பரப்பும் பூச்சிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை ஐந்து வருடம் புதுச்சேரி நகரில் கொசுவைக் குறைக்கும் ஒருங்கிணைந்த திட்டம் நடந்தது. திட்டத்துக்கு முன்னும் பின்னும் மக்களின் ரத்தத்தை இரவில் எடுத்துப் பார்த்திருந்தார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'லிம்ஃபாசிம்' என்ற மாடலுக்கு, முன்னும் பின்னும் பார்க்கப்பட்ட 5,071 பேரின் நுண்புழு எண்ணிக்கைகள் அடித்தளமாக அமைந்தன. 2004-ல் அந்த ஆய்வு வெளியானது.

எனக்குப் பிடித்தது அதில் வயது பற்றிய பகுதி. சின்ன வயதில் நோய் குறைவு, வயது ஏற ஏறக் கூடுகிறது, ஒரு கட்டத்துக்குப் பிறகு பெரியவர்களிடம் குறைகிறது. புழு சேர்ந்துகொண்டே போகும் என்றால் கிழவர்களுக்குத்தானே அதிகம் இருக்க வேண்டும்? பலகாலம் கடி வாங்கிய உடல் ஒருவிதமான எதிர்ப்புச் சக்தியைப் பெறுகிறது என்று மாடலில் சேர்த்த பிறகுதான் அந்த வளைவு பொருந்தி வந்தது. ஆளுக்கு ஆள் கடி வாங்குவதிலும் எதிர்ப்பிலும் பெரிய வித்தியாசம் இருப்பதாகவும் சேர்க்க வேண்டியிருந்தது.

சரி, பொருந்தியது, அது எதிர்காலத்தையும் சொல்லுமா? திட்டம் நின்ற பிறகும் நோய் சில காலம் தொடர்ந்து குறையும் என்று மாடல் காட்டியது. மூன்றாவது வருடத்திலும் ஆறாவது வருடத்திலும் எடுத்த ரத்தப் பரிசோதனைகள் அதனோடு நன்றாக ஒத்துப்போயின.

ஒருத்தர் புழுவோட ஆயுள் 5 வருஷம்ங்கறார், இன்னொருத்தர் 10 வருஷம்ங்கறார். ரெண்டுமே புதுச்சேரிதானாம். எது சரி?

இரண்டும் உண்மையான ஆய்வுகள். புழு குட்டி போடும் காலம் சுமார் ஐந்து வருடம் என்று முன்பு ஒரு கணக்கு வந்தது. எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துப் பார்த்த லிம்ஃபாசிம் ஆய்வு, சராசரி ஆயுள் சுமார் பத்து வருடம் என்றது. என்னென்ன காரணங்களைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

வித்தியாசம் சின்னதல்ல. புதுக் கடி எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டு எளிமையாகப் போட்டால், சராசரி ஆயுள் ஐந்து வருடம் என்றால் ஐந்தாவது வருட முடிவில் 37 சதவீதப் புழு மிச்சமிருக்கும். பத்து வருடம் என்றால் 61 சதவீதம். ஐந்து வருடத் திட்டம் போட்டுவிட்டு 'முடித்துவிட்டோம்' என்று மேடையில் அறிவிக்கப் போகிறவர் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நல்ல மாடல்காரர்கள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை, இரண்டையும் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள்.

65 சதவீதம் பேர் சாப்பிட்டாப் போதும்னா, நான் ஒருத்தன் சாப்பிடலைன்னா என்ன ஆயிடும்?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெரிய கேள்வி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 65 சதவீதம் மொத்த மக்கள்தொகையில். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் மாத்திரை சாப்பிடக் கூடாது. அவர்களைக் கழித்தால், சாப்பிடத் தகுதியுள்ளவர்களில் சாப்பிடாமல் இருக்க மீதி இருக்கும் இடம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

அப்புறம், ஒவ்வொரு வருடமும் விடுபடுவது யார் என்பது இருக்கிறது. 1,000 பேர் உள்ள ஊர், ஐந்து சுற்று, ஒவ்வொன்றிலும் 65 சதவீதம். இந்த வருடம் விட்டவர் அடுத்த வருடம் விழுங்குவார், யார் விடுபடுவது என்பது தற்செயல் என்றால், ஐந்து சுற்றிலும் ஒருமுறைகூட விழுங்காதவர் சுமார் 5 பேர்தான். ஆனால் விடுபடுவது எப்போதும் அதே ஆட்கள் என்றால் 350 பேர். இரண்டு ஊருக்கும் பதிவேட்டில் ஒரே 65 சதவீதம்தான் இருக்கும். ஒன்றில் நோய் ஒழியும் பக்கம் போகும், இன்னொன்றில் அந்த 350 பேரில் யார் உடலில் புழு இருந்தாலும் அது நிம்மதியாக இருக்கும்.

நிஜ ஊர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. இரவு வேலைக்குப் போகிறவர், 'எனக்குத்தான் கால் வீங்கவில்லையே' என்பவர், போன வருடம் மாத்திரை போட்டுக் காய்ச்சல் வந்ததால் பயந்தவர் என்று அதே ஆட்கள் திரும்பத் திரும்ப விடுபடுவது வழக்கம். செத்த நுண்புழுக்களுக்கு உடல் காட்டும் எதிர்வினைதான் பெரும்பாலும் அந்தக் காய்ச்சல். அதாவது காய்ச்சல் வந்தவருக்குத்தான் மாத்திரை அதிகம் தேவைப்பட்டிருக்கிறது, அவர்தான் அடுத்த வருடம் ஒளிந்துகொள்கிறார். மாத்திரையை வீட்டில் கொடுத்துவிட்டு வருவதும் விழுங்கியதைப் பார்த்துவிட்டு வருவதும் வேறு வேறு என்பதை மாடல்கள் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கின்றன. பதிவேட்டில் கொடுத்த கணக்கு மட்டும் இருந்தால் மாடலும் அந்தப் பொய்யைத்தான் ஓட்டும்.

கடைசியா எத்தனை வருஷம்தான் குடுக்கணும்?

குறைந்தது ஐந்து சுற்று என்பது பொது விதி. தொடக்கத்தில் நோய் எவ்வளவு இருந்தது, கொசு எவ்வளவு, எத்தனை பேர் உண்மையில் விழுங்கினார்கள் என்பதைப் பொறுத்து அது நீளும். விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் ஆராய்ச்சிக்காகப் பத்துச் சுற்று வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இப்ப மூணு மருந்து சேர்த்துக் குடுக்கறாங்களே, அது மாடல் சொன்னதாலயா?

மாடல் மட்டும் சொல்லி வந்ததல்ல. பாப்புவா நியூ கினியில் நடந்த பரிசோதனையில், டி.இ.சி., அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டினையும் சேர்த்து ஒரே ஒருமுறை கொடுத்தவர்களில் 96 சதவீதம் பேர் ரத்தத்தில் ஒரு வருடம் கழித்தும் நுண்புழு இல்லை. இரண்டு மருந்தை ஒருமுறை கொடுத்தவர்களில் அது 32 சதவீதம். இந்த வித்தியாசம் ஓர் ஊரையே எவ்வளவு சீக்கிரம் கரையேற்றும் என்பதற்கு மாடல்கள் விடை தேடின. சுற்றுகளைக் கணிசமாகக் குறைக்கலாம், ஆனால் போதிய பேர் விழுங்கினால்தான் என்பது முடிவு. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் சில சூழல்களுக்கு மூன்று மருந்தைப் பரிந்துரைத்தது. இந்தியா 2018-ல் சில மாவட்டங்களில் தொடங்கியது.

எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஆப்பிரிக்காவில், பார்வையைப் பறிக்கும் இன்னொரு புழுநோயான ஆற்றுக்குருடு உள்ள பகுதிகளில் டி.இ.சி. கொடுத்தால் கண்ணுக்கே ஆபத்து.

மருந்தெல்லாம் எதுக்கு, கொசுவை ஒழிச்சாப் போதாதா?

கொசுவை மட்டும் குறைத்தால் பலன் உண்டு, ஆனால் மெதுவாக. ஏற்கெனவே உடலில் இருக்கும் புழு தன் ஆயுள் முடியும்வரை இருக்கும். ஐந்தா பத்தா என்ற மேலே சொன்ன கணக்கு இங்கேயும் வரும். மருந்தோடு சேர்க்கும்போதுதான் கொசுக் கட்டுப்பாட்டின் மதிப்பு தெரிகிறது. திருக்கோவிலூர் பக்கக் கிராமங்களில் மதுரை ஆராய்ச்சியாளர்கள் சிலவற்றில் மருந்து மட்டும் கொடுத்தார்கள். சிலவற்றில் மருந்தோடு, கழிவுநீர்க் குழிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் தெர்மகோல் மணிகளைக் கொட்டினார்கள். தண்ணீர்மேல் மணிகள் மிதந்து மூடிக்கொண்டால் கொசு முட்டையிட முடியாது, தண்ணீரில் வளரும் கொசுப்புழு மூச்சுவிடவும் முடியாது. மருந்தை நிறுத்திய பிறகு, மருந்து மட்டும் கொடுத்த ஊர்களில் பரவல் தலைதூக்கியது. கொசுவையும் குறைத்த ஊர்களில் கிடைத்த பலன் நின்றது.

மாடலும் இதையேதான் சொல்கிறது. கடி குறைந்தால், எந்த அளவுக்குக் கீழே போனால் நோய் திரும்பாது என்ற அந்த எல்லை நமக்குச் சாதகமாக மேலே வரும். சாக்கடையைச் சுத்தமாக வைப்பதற்கு மாடல் தேவையில்லை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

டெஸ்ட்ல பாஸ் ஆன மாவட்டம்னா அங்க நோய் இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்க்க 6, 7 வயதுக் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். மருந்து கொடுத்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால், அவர்களிடம் புழுவின் தடயம் இருந்தால் பரவல் நிற்கவில்லை என்று பொருள். கியூலெக்ஸ் பரப்பும் இடங்களில் இரண்டு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய பகுதியின் சராசரி அது. நடுவில் ஒரு தெருவில் நோய் தேங்கி நின்றால் சராசரியில் தெரியாது. 500 பேரைச் சோதித்து ஒருவருக்கும் இல்லை என்றாலும், உண்மையில் 0.6 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு.

இலங்கை இதற்கு நல்ல உதாரணம். எட்டு மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஐந்து சுற்று மருந்து கொடுத்தார்கள், சோதனைகளில் தேறினார்கள், 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. அது உண்மையான வெற்றி. ஆனாலும் அங்குள்ள காலி (Galle) மாவட்டத்தில் தேறிய பிறகும் கொசுக்களில் புழுவின் மரபணுத் தடயம் கிடைத்தது. பெரியவர்களையும் கொசுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு வலுத்ததற்கு இதுபோன்ற இடங்கள் காரணம். கியூலெக்ஸ் பற்றி மூன்றாவது பதிலில் சொன்னதை நினைத்தால், இது ஏன் நடக்கிறது என்பது புரியும்.

மூணு மாடல் மூணு பதில் சொன்னா எதைத்தான் நம்பறது?

லிம்ஃபாசிம், எபிஃபில், டிரான்ஸ்ஃபில் என்று மூன்று அதிகம் புழங்குகின்றன. எபிஃபில் ஊரை ஒரு சராசரியாகப் பார்க்கும். மற்ற இரண்டும் ஆளை ஆளாக வைத்து ஓட்டும். தற்செயலும் உள்ளே உண்டு என்பதால் ஒரே ஊரை 1,000 முறை ஓட்டினால் 1,000 கதை வரும். அதில் 900-ல் நோய் ஒழிந்தது என்றால், ஒழியும் வாய்ப்பு 90 சதவீதம் என்கிறார்கள். 'இந்த வருடத்தில் ஒழியும்' என்று எந்த மாடலும் சொல்வதில்லை, செய்தித்தாளில் போடும்போதுதான் அப்படி ஆகிவிடுகிறது.

மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் தைரியமாக இறங்கலாம். முட்டிக்கொண்டால், எந்த அனுமானத்தில் பிரிகின்றன என்று தேடிப்போய் அதைக் களத்தில் அளக்க வேண்டும். என்னைக் கேட்டால், மாடல்களின் சண்டைதான் அவற்றின் ஒற்றுமையைவிடப் பயன் தருவது.

மாடலை நம்பி ஏமாந்த கதை இல்லையா?

உண்டு, மலேரியாவில். 1950-களில் மலேரியா ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் கணக்கு, கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவல் மிக அதிகமாக விழும் என்று காட்டியது. கணக்கில் பிழை இல்லை. வீட்டுச் சுவரில் மருந்தடித்தால் உலகத்திலிருந்தே மலேரியாவை விரட்டலாம் என்ற நம்பிக்கைக்கு அது வலு சேர்த்தது. 1969 முதல் 1976 வரை நைஜீரியாவின் கார்க்கியில் மருந்தடிப்போடு மக்களுக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், பரவல் நிற்கவில்லை. அங்கே கொசுவின் பரப்பும் திறன் அவ்வளவு அதிகம். தவிர, ஒரு பகுதிக் கொசுக்கள் மருந்தடித்த சுவரில் உட்காராமல் வெளியிலேயே தங்கின. சுவரில் உட்காராத கொசுவைச் சுவர் மருந்து என்ன செய்யும்? அதே கார்க்கித் தகவல்களை வைத்துச் செய்த மாடல்தான் அடுத்த தலைமுறை மலேரியா மாடல்களுக்கு வழிகாட்டியது.

எங்க ஊருக்கு ஒரு மாடல் போட்டுத் தருவாங்களா?

போடலாம், ஊர் என்ன தருகிறது என்பதைப் பொறுத்தது. மருந்து தொடங்கும் முன் எடுத்த இரவு ரத்தப் பரிசோதனை, வயதுவாரியாக இருந்தால் நல்லது. கொசுக் கணக்கு ஒரு வருடத்துக்காவது, மழைக்காலத்தையும் கோடையையும் சேர்த்து. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்குகிறவர்கள் பற்றி ஒரு மதிப்பீடு. மருந்து நாளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

எல்லாவற்றையும் சேகரிக்கக் காசு இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால், யார் எந்தச் சுற்றில் விழுங்கினார், யார் ஒருமுறைகூட விழுங்கவில்லை என்ற ஆள்வாரிப் பதிவை எடுங்கள். பழைய ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் பக்கத்து ஊரை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கொசுவையும் அப்படியே. இந்தப் பதிவுக்கு மட்டும் மாற்று கிடையாது. ஊரில் மீந்திருப்பது 5 பேரா 350 பேரா என்பது அதில்தான் இருக்கிறது.